மிச்சம் ரெண்டு

லாரிக்கு பாடி கட்டுற ஊரு அது, முட்டைக்கும் பேர் போன ஊரு, ஒரு பக்கம் வெல்டிங் பொறி பறக்கும், இன்னொரு பக்கம் கோழிப்பண்ணை வாசம் அடிக்கும், நடுவுல பெரிய ஆஸ்பத்திரி, அந்த ஆஸ்பத்திரில பழைய எக்ஸ்ரே ரூமை ஒட்டி இருக்கற ஏ.ஆர்.டி சென்டர்ல, மூணாம் நம்பர் டேபிள்ல, கலாமணின்னு ஒருத்தி பதினோரு வருஷமா மாத்திரை எண்ணிக்கிட்டு இருந்தா.

எண்ணுறதுன்னா சும்மா எண்ணுறது இல்ல. எச்.ஐ.வி மாத்திரை ஒரு டப்பால முப்பது இருக்கும், ஒரு நாளைக்கு ஒண்ணு, இருபத்தெட்டு நாள் முடிஞ்சா அடுத்த டப்பா வாங்க வரணும், வரும்போது பழைய டப்பாவையும் கையில கொண்டு வரணும். கலாமணி அதை வாங்கி காதோரம் ஒரு குலுக்கு குலுக்கி, நீல பிளாஸ்டிக் தட்டுல கவுத்து, ஸ்கேலால ஒண்ணொண்ணா தள்ளி எண்ணுவா. முப்பதுல இருபத்தெட்டு போனா ரெண்டு, அதனால ரெண்டு மிச்சம் இருந்தா நூத்துக்கு நூறு, மூணு இருந்தா ஒரு நாள் விட்டாச்சுன்னு அர்த்தம், ஆறு ஏழு இருந்துச்சுன்னா கலாமணி கண்ணாடியைக் கழட்டி டேபிள் மேல வெப்பா, வெச்சான்னா அடுத்த கால் மணி நேரத்துக்கு எதிர்ல உக்காந்திருக்கற ஆளு தலையைத் தூக்க முடியாது. கெட்ட எண்ணத்துல திட்டுறவ இல்ல அவ. வேலைக்கு வந்த புதுசுல, மாத்திரையை விட்டுட்டு செத்துப் போனவங்கன்னு அவ கையால செவப்பு மையில அடிச்ச பேரு அத்தனையும் இன்னமும் அவளுக்கு மனப்பாடம், பேரு மட்டும் இல்ல, அவங்க போட்டுக்கிட்டு வந்த சட்டை கலரு வரைக்கும். அதனாலதான் புதுசா வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரே பாட்டா பாடுவா: எந்த நேரம் சொல்றியோ அந்த நேரம், எட்டுன்னா எட்டு, எட்டரைன்னா எடுபடாது.

அப்படி பாடிப் பாடியே, கடைசி நாலு வருஷமா எல்லாரும் ரெண்டோட வந்தாங்க. முந்நூத்திப் பதினாறு பேரு, முந்நூத்திப் பதினாறு டப்பா, எல்லாத்துலயும் ரெண்டு. மாவட்டக் கூட்டத்துல அவளை மேடையில ஏத்தி கைதட்டி ஒரு சுவர்க் கடிகாரம் குடுத்தாங்க, அது அவ தலைக்கு மேலயே ஆணியடிச்சு மாட்டியிருந்துச்சு.

எல்லாரும் ரெண்டோட வந்ததுக்குக் காரணம் ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிர்ல இருந்த குப்பண்ணன் டீக்கடை. பஸ்ஸை விட்டு எறங்குனா மொதல்ல அங்கதான் நிப்பாங்க, ஒரு டீ சொல்லுவாங்க, பைக்குள்ளயே டப்பாவைத் தொறந்து விரலால தடவி எண்ணுவாங்க, ரெண்டுக்கு மேல எது இருந்தாலும் கடைக்குப் பின்னாடி இருக்கற சாம்பக் குமிக்குப் போயிடும். குப்பண்ணன் ஒண்ணும் கேக்க மாட்டாரு. யாராவது கண்ணு கலங்கி நின்னா மட்டும், டீயை ஆத்திக்கிட்டே, "ரெண்டு இருந்தாப் போதும் அம்மிணி, மிச்சத்தப் பொறத்தால போட்டுட்டு தைரியமாப் போ"ன்னுவாரு. திட்டு வாங்காம ஒரு சீவன் தப்பிச்சுதேன்னு அவருக்கு ஒரு திருப்தி. சக்கரை மாத்திரைக்காரங்க, டி.பி மாத்திரைக்காரங்க, ரத்தம் ஊறக் குடுத்த மாத்திரை கசக்குதுங்கற புள்ளத்தாச்சிங்க, எல்லாருக்கும் அந்தச் சாம்பக் குமிதான். விழுந்த நிமிசத்துல குப்பண்ணனோட இருபத்திமூணு நாட்டுக்கோழியும் ஓடி வந்து கொத்திடும், தடயமே இருக்காது.

கலாமணிக்கும் ஒரு மாத்திரை உண்டு, பிரஷருக்கு, வெளிர் ரோஸ் கலரு. தலை வலிச்சா போடுவா, வலிக்கலைன்னா போட மாட்டா. அவ வீட்டுக்காரர் சென்னியப்பன் ஞாயித்துக்கெழம தவறாம அட்டையை வாங்கி வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாப்பாரு, ஏழு ஓட்டை சரியா இருக்கான்னு. அதனால சனிக்கெழம டீ குடிக்கப் போறப்போ மிஞ்சுனதை எல்லாம் அமுக்கி எடுத்து சாம்பக் குமில போட்டுட்டு வந்துடுவா. தப்புன்னே தோணுனதில்ல. ஊருக்கே மாத்திரை சொல்லித் தர்றவ நாம, நமக்குத் தெரியாதான்னு ஒரு நெனப்பு.

கொத்துன மாத்திரையை எல்லாம் அந்தக் கோழிங்க எத்தன காலம் வயித்துக்குள்ளயே வெச்சிருந்துச்சுங்களோ தெரியாது, ஆடி மாசத்துல ஒரு செவ்வாக்கெழம காலையில திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சுதுங்க.

மொதல்ல கறுப்புக் கோழி. அது ரோட்டைக் கடந்து, ஸ்டாப்ல நின்னு, ஏழாம் நம்பர் டவுன் பஸ் வந்ததும் முன் படியில ஏறி, என்ஜின் மூடி மேல உக்காந்துச்சு. கண்டக்டர் தீர்த்தகிரி அதை ஒரு பார்வை பாத்துட்டு லேடீஸ் எல்லாம் உள்ள போங்கன்னு சொன்னாரு, அவ்வளவுதான். பட்டறை ஸ்டாப் வந்ததும் எறங்கி, லாரிக்கு மயில் படம் போட்டுக்கிட்டு இருந்த ஒரு பெயின்டரோட டிபன் கேரியர் மேல ஏறி, ஒரு முட்டையை விட்டுட்டு, வந்த பஸ்ஸுக்கே திரும்பிப் போயிடுச்சு. பெயின்டர் மத்தியானம் அதை ஒடைச்சாரு. மஞ்சக்கரு இருந்துச்சு, மஞ்சக்கருவுக்குள்ள ஒரு சக்கரை மாத்திரை, டப்பாவுல இருந்து இப்பத்தான் எடுத்த மாதிரி ஈரமே இல்லாம, மேல போட்டிருந்த எழுத்து கூட அழியாம. அவரு அதைப் பாத்தாரு, சுத்திமுத்திப் பாத்தாரு, வாயில போட்டுத் தண்ணி குடிச்சுட்டு மறுபடி மயிலோட தோகைக்குப் போயிட்டாரு.

ஒரு வாரத்துக்குள்ள ஊரு பூரா கோழிதான். தூக்கிப் போட்ட மாத்திரை ஒவ்வொண்ணும், போட்ட ஆளைத் தேடி, அந்த ஆளு அதை எந்த நேரத்துக்கு முழுங்கியிருக்கணுமோ அந்த நேரத்துக்கு, முட்டைக்குள்ள உக்காந்து வந்துச்சு, பேங்க் கேஷியர் சீட்டுக்கு வந்துச்சு, பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டரோட வருகைப் பதிவேட்டு மேல வந்துச்சு, கல்யாண மண்டபத்துல தாலி கட்டுற நேரத்துல மாப்பிள்ளையோட பெரியப்பா மடியில வந்துச்சு. ஒரு கோழி ஒரு நாளைக்கு ஏழு எட்டு முட்டை விட்டுச்சு, அதுங்களுக்கு அதுல ஒரு சலிப்பும் இல்ல. ஊரும் சட்டுனு பழகிக்கிச்சு. பட்டறைக்காரங்க மெஷினுக்குப் பக்கத்துல ஒரு கூடையில வைக்கோல் போட்டு வெச்சாங்க. பஸ்ல கோழிக்கு டிக்கெட் போடணுமான்னு டிப்போல ஒரு பேச்சு வந்தப்போ, "அது அதோட ட்யூட்டிக்குப் போகுது சார், ஸ்டாஃப்கிட்ட யாராச்சும் டிக்கெட் கேப்பாங்களா"ன்னு தீர்த்தகிரி கேட்டாரு, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

ஆனா பயமும் சேந்தே வந்துச்சு. சக்கரைக்காரருக்கு முட்டை வந்தா ஊரு சிரிச்சுட்டுப் போயிடும். எச்.ஐ.வி மாத்திரை வந்தா சிரிக்குமா? கலாமணி டேபிளுக்கு வர வேண்டிய நாலு பேரு அந்த வாரம் வரவே இல்ல. இதுக்கும் ஊரே ஒரு வழி கண்டுபிடிச்சுச்சு, யாரும் கூடி உக்காந்து பேசாமலே. எதிர் வீட்டுக்காரன் முட்டையை எட்டிப் பாக்கறவனுக்கு அடுத்த நிமிசமே ஒரு கோழி வந்துச்சு. ஏன்னா மாத்திரையைத் தூக்கிப் போடாத ஆளே அந்த ஊர்ல இல்ல. ஒருத்தர் சாப்பிடறப்போ வாயைப் பாக்கக் கூடாதுங்கற மாதிரி, ஒருத்தர்கிட்ட கோழி உக்காந்தா மூஞ்சியைத் திருப்பிக்கணும்னு ஒரு பழக்கம் வந்துச்சு. பஸ்ல, மார்க்கெட்ல, கோயில்ல, கோழி காலை மடக்குனா போதும், சுத்தி நிக்கறவங்க எல்லாம் வேற பக்கம் திரும்பி மழையைப் பத்திப் பேசுவாங்க. வராத நாலு பேருல மூணு பேரு அடுத்த வாரம் வந்துட்டாங்க. நாலாவது ஆளு போன் பண்ணி, ஊருக்குப் போயிருந்தேன்னு பொய் சொல்லிட்டு, மறுநாள் வந்தாரு.

கலாமணி மட்டும் இது எதையும் தன் டேபிளோட சேத்துப் பாக்கல. கோழி எங்க போகுதுன்னு அவளுக்கும் தெரியும், சாம்பக் குமியும் தெரியும். ஆனாலும், "அதெல்லாம் ஓ.பி.காரங்க வேலை, எங்க ஆளுங்க நூத்துக்கு நூறு"ன்னு அடிச்சுச் சொன்னா. அவ டேபிளுக்கு அதுவரைக்கும் ஒரு கோழியும் வந்ததில்லங்கறதும் ஒரு காரணம். சொல்லும்போது பின்னாடி கடிகாரம் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அந்த நூத்துக்கு நூறுல ஒருத்திதான் கோகிலவாணி. முப்பத்திமூணு வயசு, லாரி ஓட்டுன புருஷன் தவறிப் போயி ஆறு வருஷம், எட்டாவது படிக்கற ஒரு பொண்ணு. மாசா மாசம் ரெண்டோட வருவா. ஆனா ரத்தத்துல வைரஸ் எண்ணிக்கை பாத்தா, கண்ணுக்கே தெரியாம இருந்தது பத்தாயிரம் ஆயிருந்துச்சு, மூணு மாசம் கழிச்சு பாத்தா நாப்பதாயிரம். டாக்டர் மன்சூர் ரெண்டு ரிசல்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கலாமணியைக் கூப்பிட்டுக் கேட்டாரு, இந்தப் பொண்ணு மாத்திரை நெஜமாவே போடுறாளான்னு. கலாமணி ரிஜிஸ்டரைத் தூக்கிட்டுப் போயி விரிச்சுக் காட்டுனா. பன்னெண்டு மாசம், பன்னெண்டு ரெண்டு. டாக்டர் மெதுவாத் தலையாட்டுனாரு. அப்படின்னா மருந்து அவளுக்கு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு, அடுத்த செட் மருந்துக்கு மாத்தணும், அதுக்கு வெள்ளிக்கெழம பெரிய சென்டருக்கு ஃபைல் அனுப்பணும். அடுத்த செட்டு கொஞ்சம் கடுசு, அதுவும் கேக்கலைன்னா அதுக்கப்புறம் கையில பெருசா ஒண்ணும் இல்லன்னாரு. கையெழுத்துப் போட வேண்டிய எடத்துல கலாமணியும் போட்டா.

வியாழக்கெழம சாயங்காலம் டீக்கடையில ஒரு புது ஆளு, கோழிக்குஞ்சு பொரிக்கற கம்பெனியில வாட்ச்மேன், பேரு அர்த்தநாரி. அவரு கேட்டுக்கு தெனம் காலையில எட்டு மணிக்கு ஒரு புள்ளிக் கோழி வருதாம். அந்தக் கம்பெனில வெளிக் கோழி ஒரு எறகு உள்ள போகக் கூடாது, நோய் வந்துடும், மனுசங்களே வாசல்லயே குளிச்சு கம்பெனித் துணி மாத்திட்டுத்தான் உள்ள போகணும். "குளிச்சுட்டு வந்தீன்னா விடறேன்னு மருவாதியாச் சொல்லிப் பாத்தேனுங்க, கேக்க மாட்டேங்குது, என் சேர்லயே விட்டுட்டுப் போயிருது. யாருதுன்னு தெரியல, உள்ள நூத்தி நாப்பது பொம்பளைங்க. பத்தரமா எடுத்து வெச்சிருக்கேன், ஒரு ட்ரே ரொம்பப் போவுது." ஞாயித்துக்கெழம லீவு, அன்னைக்கு மட்டும் அது வராதுன்னும் சொன்னாரு.

கலாமணி கையில டீ ஆறிப் போச்சு. அந்தக் கம்பெனில வேலை பாக்கறது அவ ரிஜிஸ்டர்ல ஒரே ஒருத்தி, கோகிலவாணி. ஒரு ட்ரேன்னா முப்பது. அவ திரும்பிக் குப்பண்ணனைப் பாத்தா, அவரு பாய்லரைத் தொடைக்க ஆரம்பிச்சாரு. எத்தன பேருண்ணா பொறத்தால போறாங்கன்னு கேட்டா. அவரு தொடைச்சுக்கிட்டே, "போகாதவங்கள எண்றது சுளுவு அம்மிணி"ன்னாரு.

வெள்ளிக்கெழம காலையில ஒம்பதரைக்கு கோகிலவாணி அரை நாள் லீவு போட்டுட்டு வந்து மூணாம் நம்பர் டேபிளுக்கு எதிர்ல உக்காந்தா. ஃபைல் டாக்டர் மேஜையில ரெடியா இருந்துச்சு, பன்னெண்டு மணிக்குப் போயிடும். டப்பாவைக் கவுத்தா ரெண்டு. கலாமணி ஸ்கேலைக் கீழ வெச்சுட்டு, கோகிலா, எங்கிட்ட உண்மையைச் சொல்லு, விடுறியான்னு கேட்டா. அவளால முடிஞ்ச வரைக்கும் மெதுவாத்தான் கேட்டா, ஆனா பதினோரு வருஷத்துக் குரல் அது, மெதுவாக் கேட்டாலும் பெஞ்சுல இருந்த அத்தன பேருக்கும் முதுகு நிமிந்துச்சு.

"இல்லீங்க்கா. ஒரு நாள் உடமாட்டேன். பாருங்க, ரெண்டுதான் இருக்குது."

கலாமணிக்குக் கோபம் ஏறுச்சு. வாட்ச்மேனைப் பத்திச் சொல்லி மடக்கிடலாம், ஒரு நிமிசத்துல முடிஞ்சுடும். ஆனா மடக்குனா என்ன ஆகும், இவ அழுவா, ஆமாம்பா, அடுத்த மாசம் வேற சாம்பக் குமி தேடுவா. அவ கை தன்னால கண்ணாடிக்குப் போச்சு, கழட்டி டேபிள் மேல வெச்சா, வாயைத் தொறந்தா.

அப்போ வெள்ளைக் கோழி வந்துச்சு. வராண்டா வழியா, ஸ்டெதாஸ்கோப் மாட்டுன டாக்டர் மாதிரி அவசரமே இல்லாம நடந்து வந்து, பெஞ்சுல இருந்த கால்களுக்கு நடுவுல புகுந்து, யாருகிட்டயும் நிக்காம, நேரா டேபிள் மேல ஏறி, தொறந்து கெடந்த ரிஜிஸ்டர் மேல, நூறு நூறு நூறுன்னு எழுதியிருந்த பக்கத்துலயே காலை மடக்கி உக்காந்துச்சு. பெஞ்சு மொத்தமும் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிச்சு. யாரோ ஒருத்தர் இந்த வருஷம் மழை பரவால்லன்னாரு. கோழி எந்திரிச்சுப் போனப்போ ரிஜிஸ்டர்ல ஒரு முட்டை இருந்துச்சு, சூடா.

கோகிலவாணியும் ஜன்னல் பக்கம்தான் பாத்துக்கிட்டு இருந்தா. கலாமணி முட்டையை எடுத்தா. தலைக்கு மேல மணி பத்து, அவ பிரஷர் மாத்திரை போட வேண்டிய நேரம். மேஜை டிராயர்ல போட்டுடலாம், யாரும் கேக்க மாட்டாங்க, அதுதான் இப்போ ஊரோட மரியாதை. அவ முட்டையை நீல தட்டோட விளிம்புல தட்டி ஒடைச்சா. மஞ்சக்கருவுக்குள்ள ரோஸ் கலரு.

"இங்க பாரு கோகிலா," அப்படின்னா. "திரும்பிப் பாரு, பரவால்ல. இது என்னுது. எங்க வீட்டுக்காரரு ஞாயித்துக்கெழம அட்டையை எண்ணுவாரு. அதனால சனிக்கெழம நான் பொறத்தால போயிடுவேன்."

கோகிலவாணி மாத்திரையைப் பாத்தா, கலாமணியைப் பாத்தா, மறுபடி மாத்திரையைப் பாத்தா. அவ உதட்டோரம் சிரிப்பு மாதிரி ஒண்ணு வந்து, வந்த எடத்துலயே ஒடைஞ்சு அழுகையாப் போச்சு. அழுகைக்கு நடுவுல எல்லாம் வந்துச்சு. முன்னாடி வீட்டுல தையல் போட்டப்போ எட்டு மணிக்கு ஒழுங்காப் போட்டா. பத்து மாசமா கம்பெனி வேலை. "ஆறு மணிக்கு உள்ள போகோணுமுங்க்கா. காதுத் தோட்டக் கூட கழட்டி வாங்கிருவாங்க, மாத்திரைய எப்படிங்க்கா கொண்டு போறது. ரெண்டரைக்குத்தான் வெளிய உடுவாங்க. ஞாயித்துக்கெழமயில மட்டும் போடுவேன்."

"ரெண்டரைக்கு வெளிய வந்ததும் போட வேண்டியதுதான?"

கோகிலவாணிக்கு அந்தக் கேள்வியே புரியல. "எட்டுன்னா எட்டு, எட்டரைன்னா எடுபடாதுன்னு நீங்கதானுங்க்கா சொன்னீங்க. எடுபடாத மாத்திரைய எதுக்கு முழுங்கறதுன்னுதான்..."

கலாமணி மனசுக்குள்ள கணக்குப் போட்டா. பத்து மாசம், மாசத்துக்கு இருபத்திநாலு, எல்லாம் அவ சொன்ன ஒரு வார்த்தைக்கு மரியாதை குடுத்து சாம்பக் குமிக்குப் போயிருக்கு. இந்தப் பொண்ணு அவ பேச்சைக் கேக்காதவ இல்ல, அந்த முந்நூத்திப் பதினாறு பேருலயே அவ பேச்சை அப்படியே கேட்ட ஒரே ஆளு இவதான். கலாமணி கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கிட்டா.

"நான் சொன்னது தப்பு," அப்படின்னா, பெஞ்சு மொத்தத்துக்கும் கேக்கற மாதிரி. "நேரம் தாண்டிப் போச்சுன்னா நெனப்பு வந்ததும் போட்டுக்கலாம். அந்த நேரம் ஒத்து வரலைன்னா நேரத்தையே மாத்திக்கலாம். நீ பல்லு எத்தன மணிக்கு வெளக்குவ?"

"நாலரைக்குங்க்கா."

"அப்போ நாலரை. பிரஷ் டப்பாவுக்குப் பக்கத்துல வெச்சுக்கோ."

அப்புறம் தன்னோட ரோஸ் மாத்திரையை எடுத்துத் தண்ணி ஊத்தி முழுங்கிட்டு, டாக்டர் ரூமுக்குப் போயி, மேஜை மேல இருந்த ஃபைலைத் தன் கையாலயே எடுத்துக்கிட்டா. பன்னெண்டு ரெண்டுல பத்து பொய் சார், எண்ணுனது நான்தான்னா. மாத்திரையை ஒழுங்காப் போட்டுப் பாக்கட்டும், மூணு மாசம் கழிச்சு ரத்தத்தைக் கேப்போம், அதுக்கப்புறம் மாத்தறதா வேண்டாமான்னு பாப்போம்னு டாக்டர் சொன்னாரு.

அன்னைலேருந்து மூணாம் நம்பர் டேபிள்ல பாட்டு மாறிடுச்சு. எத்தன மிச்சம்னு மொதல்ல கேக்கறது நின்னு போச்சு, போன மாசத்துல எந்த நாளு கஷ்டமா இருந்துச்சுன்னு கேட்டா. கேட்டதும் ஆளாளுக்குக் கதை வந்துச்சு, மாமியார் வந்த வாரம், லோடு ஏத்திக்கிட்டு குஜராத் போன பன்னெண்டு நாளு, மாத்திரை டப்பா பைக்குள்ள குலுங்குற சத்தத்துக்குப் பயந்து அதுக்குள்ள பஞ்சு அடைச்சது. சத்தத்துக்கு ஒருத்தர் பஞ்சு சொன்னதும் இன்னொருத்தர், "துணி போடுங்க, பஞ்சு ஒட்டிக்கும்"ன்னாரு. ரிஜிஸ்டர்ல அறுபத்தி நாலு, எழுபத்தொண்ணு, எண்பத்தி அஞ்சுன்னு புது புது நம்பரா விழுந்துச்சு. அடுத்த மாவட்டக் கூட்டத்துல, நாலு வருஷமா நூறு வெச்சிருந்த சென்டர் எப்படிம்மா இப்படி எறங்குச்சுன்னு கேட்டாங்க. கலாமணி எந்திரிச்சு நின்னு, ஒரு வார்த்தை தடுமாறாம, "சார், இப்பத்தான் எண்ணவே ஆரம்பிச்சிருக்கேன்"ன்னா. கடிகாரத்தைத் திருப்பிக் கேக்கல அவங்க. கேட்டிருந்தாலும் குடுத்திருப்பா.

கொஞ்சம் கொஞ்சமா கோழிங்க ஊர் சுத்தறது கொறைஞ்சுச்சு. புள்ளிக் கோழி மட்டும் கடமைக்கு வந்து, ஒரே தடவையில மூணு முட்டையா விட்டுக்கிட்டு இருந்துச்சு, பழைய பாக்கி தீர்ற வரைக்கும். ஒரு நாள் அது எட்டு மணிக்கு அர்த்தநாரி சேர்ல ஏறி உக்காந்து, ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, ஒண்ணும் விடாம எறங்கிப் போச்சாம். மறுநாள் வரவே இல்லையாம். அவருக்கு ஒரு மாதிரி இருந்துச்சுன்னு டீக்கடையில சொன்னாரு. தீர்த்தகிரியும் என்ஜின் மூடி மேல யாரையும் உக்கார விடாம ரெண்டு மாசம் எடம் புடிச்சு வெச்சிருந்தாரு.

மார்கழியில கோகிலவாணி வந்தா. டாக்டர் மேஜையில ரிசல்ட் வந்திருந்துச்சு, வைரஸ் கண்ணுக்குத் தெரியல, அதே பழைய மருந்து, அதே ஒரு மாத்திரை. கலாமணிக்கு அது காலையிலயே தெரியும், சொல்றதுக்கு வாயில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. ஆனா கோகிலவாணி முந்திக்கிட்டா. பையில இருந்து டப்பாவை எடுத்து, குலுக்கறதுக்கு முன்னாடியே தானே நீல தட்டுல கவுத்தா, கவுத்துட்டு, தலையைக் குனியாம, நாத்தனார் வளைகாப்புன்னு ராத்திரியே கெளம்பிப் போனதுல பிரஷ் டப்பா வீட்டுலயே நின்னு போச்சுங்க்கா, ஒரு நாளுன்னு சொன்னா.

உள்ள வர்றதுக்கு முன்னாடி டீக்கடை முன்னால நின்னுதான் வந்திருக்கா, டீ வாசம் அவ துணியில இருந்துச்சு. குப்பண்ணன் சும்மா டீயை மட்டும் ஆத்தியிருக்காரு.

கலாமணி ஸ்கேலை எடுத்து, வேகமே இல்லாம, ஒண்ணொண்ணாத் தள்ளுனா. ஒண்ணு. ரெண்டு. நாலு வருஷமா அந்தத் தட்டுல எண்ணிக்கை அதோட நின்னுடும், அவ கையும் பழக்கத்துல அங்க ஒரு நொடி நின்னுச்சு. அப்புறம் மூணு. இதைக் கோழி கொண்டு வரல, கோகிலவாணி கொண்டு வந்தா. கலாமணி ரிஜிஸ்டரை இழுத்து, தன் கையெழுத்துலயே நல்ல கையெழுத்தா, தொண்ணூத்தி ஆறுன்னு எழுதுனா.